திறனைக் கூட்டுவதற்கு முன்

லேசர் செதுக்கு இயந்திரத்தில் ஒரு மூலையில் எழுத்து ஆழமாகவும் எதிர் மூலையில் மங்கலாகவும் விழுந்தால், பலரும் உடனே லேசரின் திறனைக் கூட்டுகிறார்கள். தவறு. பலகைதான் கருகும்.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் 3 கண்ணாடிகளில் பட்டுத் திரும்பியே லென்ஸை அடைகிறது. அந்தக் கண்ணாடிகளின் கோணம் பிசகினால் மூலைக்கு மூலை ஆழம் மாறும். கண்ணாடியின் முன் காகித டேப்பை ஒட்டி, மூடியைச் சாத்தி, குறைந்த திறனில் கணநேரம் சுட வேண்டும்: கண்ணாடி அருகில் இருக்கும்போது ஒன்று, தொலைவில் நகர்ந்திருக்கும்போது ஒன்று. இரண்டு கருகல் புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால், அதற்கு முந்தைய கண்ணாடியின் திருகைத்தான் திருப்ப வேண்டும். முதல் கண்ணாடியை விட்டுவிட்டுக் கடைசியில் கைவைத்தால் பொழுதுதான் வீணாகும்.

வெட்டிய வட்டத்தின் முனைகள் சேரவில்லையா? அது வேறு கோளாறு; முதலில் லென்ஸை நகர்த்தும் பெல்ட்டின் தளர்வைப் பார்ப்பது நல்லது.