ஹெட்போன் வெளியே வராத நேர்காணல்

எனக்குத் தெரிந்த சவுண்ட் இன்ஜினியர் ஒருவர். எஃப்எம் நிலையங்களில் 14 வருஷம் வேலை பார்த்தவர். எம்.ஏ. உண்டு, நெட் தேர்ச்சியும் உண்டு. ஒலிபரப்பு, ஒலிப்பதிவு, டிஜிட்டல் இதழியல் நடத்த உதவிப் பேராசிரியர் தேவை என்று ஒரு பல்கலைக்கழகம் விளம்பரம் கொடுத்ததும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்கு லேப்டாப், ஹெட்போன், தான் தொகுத்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார். முதல் கேள்வி: "ஸ்கோபஸ்ல எத்தனை பேப்பர் இருக்கு?" பன்னிரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். ஹெட்போன் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அந்தக் குழுவை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர்கள் கையில் இருக்கும் அட்டவணையே அப்படி. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று பார்க்க, யுஜிசியின் 2018 விதிமுறையில் 100 மதிப்பெண் பட்டியல் ஒன்று இருக்கிறது. பிஎச்டிக்கு 30, முதுகலைக்கு 25 வரை, இளங்கலைக்கு 15 வரை, ஆய்வுக் கட்டுரைக்கு 10, பாடம் நடத்திய அனுபவத்துக்கு 10. ஸ்டூடியோவில் கழித்த 14 வருஷத்துக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. நெட் தேர்வோ 150 கேள்வி, 3 மணி நேரம், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஒலியைக் கற்பிக்கப் போகிறவருக்கு ஒரு விநாடி ஒலிகூடப் போட்டுக் காட்டுவதில்லை.

இதே விதிமுறை இசைத்துறைக்கு இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். தேர்ந்த குருவிடம் கற்று, அகில இந்திய வானொலியில் 'ஏ' கிரேடு வாங்கிய கலைஞர், இளங்கலைப் பட்டத்தோடு உதவிப் பேராசிரியர் ஆகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே பாடகருக்கு அதே ஸ்டூடியோவில் மைக் வைத்தவருக்கு அந்தக் கதவு இல்லை. பாடுவது கலை, பதிவுசெய்வது எடுபிடி வேலை என்ற பழைய சாதிப் புத்தியை விதிமுறையாகவே அச்சடித்துவிட்டோம்.

"அதான் புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ் இருக்கே" என்பார்கள். 2022இல் வந்தது. குறைந்தது 15 வருஷ அனுபவம் வேண்டும். நம் ஆளுக்கு ஒன்று குறைகிறது. கிடைத்தாலும் அதிகபட்சம் 3 வருஷம், மிஞ்சினால் இன்னும் ஒன்று. விருந்தாளிக்குப் போடும் நாற்காலி அது.

ஐடியில் ஆளெடுப்பது ரொம்ப யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கச் சொல்லி வேலைக்கு எடுத்துவிட்டு, பட்டன் கலர் மாற்றச் சொல்வார்கள். ஆனாலும் உட்காரவைத்து நாலு வரி கோட் எழுதவாவது சொல்வார்கள்.

இங்கேயும் சொல்லலாம். ஃபேன் இரைச்சலோடு பதிவான பத்து நிமிஷப் பேட்டி ஒன்றைக் கொடுங்கள். மூன்று நிமிஷமாகக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு எதை ஏன் வெட்டினார் என்று பத்து மாணவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "அவர் காசு வாங்கினார்னு நான் சொல்ல வரல" என்பதில் கடைசி ஒரு விநாடியை வெட்டினால் "அவர் காசு வாங்கினார்" என்று நிற்கும். ஒரு மனுஷனின் பெயர் அந்த ஒரு விநாடியில் போய்விடும். இதைத் தினமும் கையால் செய்து பார்த்தவர் சொல்லிக்கொடுப்பதும், பவர்பாயிண்டில் 'ஊடக அறம்' என்று தலைப்புப் போட்டு வாசிப்பதும் ஒன்றா?

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வானொலி வரலாறு, சட்டம், கோட்பாடு இவற்றுக்கு முனைவர்கள்தான் வேண்டும். அனுபவசாலிகளிலும் வகுப்பு முழுக்க "எங்க காலத்துல" என்று கதையடிப்பவர்கள் நிறைய. அதனால்தான் அந்தப் பத்து மாணவர்களை உட்காரவைக்கச் சொல்கிறேன். கதையடிப்பவரும் மாட்டுவார், வாசிப்பவரும் மாட்டுவார்.

நண்பர் இப்போது வீட்டு மாடியில் சனி, ஞாயிறு வகுப்பு எடுக்கிறார். வருகிறவர்களில் பாதிப் பேர் விஸ்காம் மாணவர்கள். காலேஜில் கட்டிய ஃபீஸ் தனி, இவரிடம் கட்டுவது தனி.