கூலியும் சம்பளமும்

கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களில் இரு வகையினர் உண்டு. ஒருவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். இன்னொருவருக்குக் காண்டிராக்டர் கணக்குப் பார்த்துத் தரும் நாட்கூலி. இயந்திரம் ஒன்று, ஷிப்டும் ஒன்று, சொல் மட்டும் இரண்டு. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இத்தாலிய நாட்டுச் சொல் ஒன்றின் கதையைச் சொல்லுவோம்.

பண்டைய ரோமாபுரியின் லத்தீன் மொழியில் ‘சால்’ என்றால் உப்பு. அதிலிருந்து பிறந்தது ‘சலாரியும்’. படைக்காரருக்கும் அதிகாரிகளுக்கும் அளித்த படிக்கு அது பெயர். படைக்காரருக்கு உப்பையே அளந்து கொடுத்தார்கள் என்று பலர் சொல்வதற்கு உறுதியான சான்றில்லை. சொல் உப்பிலிருந்து வந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை. ரோமிலிருந்து புறப்படும் பழைய உப்புப் பாதைக்கு இன்றும் ‘வியா சலாரியா’ என்றே பெயர். பேரரசு மண்ணாயிற்று; சொல் பிழைத்தது. இத்தாலிய ஆலைத் தொழிலாளி பெறுவது ‘சலாரியோ’. ஆபீஸ் ஊழியர் பெறுவதோ ‘ஸ்டிபெண்டியோ’. அங்கும் இரண்டு சொல்!

நமது ‘சம்பளம்’ சம்பா நெல்லிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் வந்தது என்று சொல்லறிஞர் சிலர் விளக்குவர். விளக்கம் எப்படியிருப்பினும், உழைப்பவன் கேட்பது சோறும் உப்பும்தான். கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் கூடுதல் நெல் கூலி கேட்டுச் சங்கமாகத் திரண்டனர். மிராசுதாரர் தரப்பு அதற்குக் கொடுத்த பதில் என்ன? 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்.

‘கூலி’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் நாம் அறிந்ததே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் வெள்ளைத் துரைமார், உழைப்பின் விலையைக் குறித்த சொல்லை உழைப்பவனுக்கே பெயராக்கினர். மனிதனையே விலையாக எண்ணிய ஏகாதிபத்தியத்தின் அகராதி அது! வெள்ளையன் போனான், அகராதி இன்னும் காண்டிராக்டர் கையில் இருக்கிறது.

2016 அக்டோபரில் பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர் வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தானாக ஆலை வாசலுக்கு நடந்து வராது. அதைக் கொண்டு வருவது தொழிலாளரின் ஒற்றுமையே.

நிரந்தரத் தொழிலாளத் தோழர்களே! பக்கத்தில் நிற்கும் காண்டிராக்ட் தொழிலாளியைச் சங்கத்தில் சேருங்கள். அவன் கூலி தாழ்ந்திருக்கும் வரை உங்கள் சம்பளமும் உயராது. வயலில் உழைப்போரும் ஆலையில் உழைப்போரும் ஓரணியில் நின்று கேட்போம்: ஒரே வேலைக்கு ஒரே ஊதியம்!