பொட்டி மேல எழுதின எஃப் 1.8 தோட்டத்துக்கு வந்தா என்னாகும்?

டவுன்ல இருக்கற சொந்தபந்தம் யாராச்சும் "நல்லதா ஒரு சின்ன கேமரா சொல்லுங்க"ன்னு கேட்டா, அடுத்த வார்த்தை "எஃப் 1.8 லென்ஸாமே!"ன்னுதான் வருது. அந்த நம்பரைப் பத்தி எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல் இருக்குதுங்க. சொல்லிப்போடறேன்.

என்கிட்ட இருக்கறது பானாசோனிக் எல்எக்ஸ்7. திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கற மச்சான்கிட்ட சோனி ஆர்எக்ஸ்100, முதல்ல வந்த மாடல். ரெண்டுமே 2012ல வந்ததுதான். மச்சான் சாளைக்கு வரும்போதெல்லாம் ரெண்டையும் எடுத்துக்கிட்டு தோப்புக்குள்ள போயிடுவோம். சோனியோட சென்சார் எங்களோடதை விட மூணு மடங்குக்கு மேல பெருசு. அதனால அவருக்கு ஒரு மிதப்பு.

சோனி லென்ஸ் 28 மி.மீ.யில எஃப் 1.8. சரி. ஆனா ஜூமை 100 மி.மீ. வரைக்கும் இழுத்துட்டா அது எஃப் 4.9 ஆகிப்போகுது. எல்எக்ஸ்7 24ல எஃப் 1.4ல ஆரம்பிச்சு, கடைசி 90 மி.மீ.யிலயும் எஃப் 2.3தான். கணக்குப் போட்டுப் பாருங்க: அந்தக் கடைசி முனையில எங்க லென்ஸு நாலரை மடங்கு வெளிச்சம் உள்ள விடுது. பெரிய சென்சார் மூணு மடங்கு சம்பாதிச்சுக் கொடுத்ததை, லென்ஸு நாலரை மடங்கா செலவு பண்ணிடுது. பொழுதோட மாடு பட்டிக்குத் திரும்பற நேரத்துல ஜூம் போட்டு எடுத்தா, ரெண்டும் கிட்டத்தட்ட சமம்தான். மச்சான் இதை இன்னும் ஒத்துக்கல.

ஜூம் எதுக்குன்னு கேக்காதீங்க. காங்கேயம் காளையைப் பக்கத்துல நின்னு 24 மி.மீ.ல எடுத்தா மூக்கு பெருத்து, திமில் சுருங்கி, கொம்பு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வராம வாட்ஸப் படத்தை வச்சு மாடு பேசறவங்க இப்ப அதிகம். செல்போன்ல எட்டிப் புடிச்ச படத்தைப் பார்த்து விலை சொல்றாங்க. நல்லாத் தள்ளி நின்னு 90ல எடுத்த படத்துலதான் மாடு மாடா இருக்கும்.

மத்தியானத்துல இந்த எஃப் 1.8, எஃப் 1.4 எதுவும் வேலைக்காவறதில்லை. சித்திரை வெயில்ல, ஐஎஸ்ஓ 125ல, எஃப் 1.8 வச்சு எடுக்கணும்னா ஷட்டர் 1/10000 செகண்டு பக்கம் ஓடணும். அந்த சோனி 1/2000க்கு மேல போகாது. தானா லென்ஸைச் சுருக்கிக்கும், இல்லைன்னா படம் வெள்ளையா வெளுத்துப்போகும். எல்எக்ஸ்7க்குள்ள வெளிச்சத்தைக் குறைக்க ஒரு கறுப்புக் கண்ணாடி வச்சிருக்காங்க. அது உபயோகம். 2014ல வந்த ஆர்எக்ஸ்100 மூணாவது மாடல்லயும், கேனான் ஜி7 எக்ஸ்லயும் அது உண்டு. அந்த சோனி லென்ஸு கடைசி வரைக்கும் எஃப் 2.8ல நிக்கறது நல்ல முன்னேற்றம்தான், ஆனா 70 மி.மீ.யோட முடிஞ்சுபோகுது. கேனான் 100 வரைக்கும் அதே 2.8ல போகுது. புதுசா வாங்கறவங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன்.

இப்ப எனக்கு முக்கியமான சங்கதி. 2016ல பொள்ளாச்சிப் பக்கம் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்துச்சு. தென்னை ஓலைக்கு அடியில சுருள் சுருளா வெள்ளை மெழுகு, அது கழிக்கற இனிப்புத் தண்ணி கீழ் மட்டையில விழுந்து மேல கரும்பூசணம். பார்த்தாலே மருந்தடிக்கக் கை துறுதுறுங்கும். ஆனா இதைத் தின்னு அழிக்க என்கார்சியான்னு ஒரு குட்டிக் குளவி இருக்கு. அது முட்டை போட்ட வெள்ளை ஈக் குஞ்சு கறுத்துப்போயிருக்கும். கறுத்தது நிறைய இருந்தா, மருந்தடிக்கறது நம்ம கூலியாளையே நாம அடிச்சுத் துரத்தற மாதிரி. வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்களும் பூச்சிமருந்து வேண்டாம்னுதான் சொல்றாங்க.

குஞ்சு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். அது வெள்ளையா, கறுப்பான்னு தெரியற படத்தை விவரம் தெரிஞ்சவங்களுக்கு அனுப்புனாத்தான் பதில் வரும். மங்கலா அனுப்புனா, "பாதிப்பு இருக்கு, ஓலையோட வாங்க"ன்னுதான் சொல்லுவாங்க. சோனி ஜூம் இல்லாம 5 செ.மீ. வரைக்கும் கிட்டப் போகும், ஜூம் போட்டா 55 செ.மீ. தள்ளிப் போகச் சொல்லும். எல்எக்ஸ்7 1 செ.மீ. வரைக்கும் போகுது. ஒரே தொந்தரவு, அவ்வளவு கிட்டப் போனா லென்ஸோட நிழலே ஓலை மேல விழுந்துடும். ஓலையை வெட்டி, வெயிலுக்குப் பக்கவாட்டமா புடிச்சு எடுத்தா சரியாப்போகும். ஃபிளாஷ் போடாதீங்க, மெழுகு பளிச்சுன்னு வெளுத்துடும்.

இயற்கைக் காட்சி, சாப்பாட்டுத் தட்டு, குழந்தைங்க முகம், இதுக்கெல்லாம் கையில இருக்கற போனே போதுமுங்க, காசைக் கரியாக்க வேண்டாம்.

அப்புறம் புழுதி. லென்ஸு நீண்டு சுருங்கற கேமரா எல்லாமே காத்தை உள்ள இழுக்கும், கூடவே மண்ணையும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேகாத்து அடிக்கறப்போ ஜூம் போட்டுப் போட்டு எடுத்தா சென்சார்ல தூசி ஒட்டிக்கும், கழட்டாம தொடைக்க வழியில்லை. நான் அந்த மாசத்துல ஒரே இடத்துல ஜூமை வச்சுக்கிட்டு, எடுத்த உடனே துணிப்பைக்குள்ள போட்டுடறேன். எல்எக்ஸ்7க்கு மூடியைக் கையால கழட்டி மாட்டணும், நூல் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. மச்சான் அதைப் பார்த்துச் சிரிப்பாரு. அவரோட சோனியில தானா மூடற இதழ்ல ரெண்டு, போன வருஷத்துல இருந்து பாதியில நிக்குது.