கோப்பு வந்து சேர்கிறது, எழுத்து சேர்வதில்லை

கணிப்பொறிக் கோப்பைப் பற்றிப் பேசுவதைச் சிற்றிதழ் நண்பர்கள் இழுக்காகக் கருதுகிறார்கள். 'அது டி.டி.பி.காரர் பாடு, நம் வேலை எழுதுவது' என்கிறார்கள். இந்த அலட்சியத்தால் தமிழ் இழந்தது ஏராளம் என்பதே நமது குற்றச்சாட்டு.

எழுத்தாளர் ஒரு மென்பொருளில் தட்டச்சு செய்கிறார். கோப்பு வேலூரிலோ ஆம்பூரிலோ உள்ள டி.டி.பி. கடைக்குப் போகிறது; அங்கே வேறு மென்பொருள், வேறு எழுத்துரு. பிறகு அச்சகம், பிறகு இணையம். ஒன்று தருவதை அடுத்தது வாங்கிக்கொள்ளப் பொதுவான எழுத்துக்குறியீடு வேண்டும்.

குறியீட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1991இல் வெளியான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. இணையத் தமிழர்கள் கூடித் திஸ்கியை உருவாக்கினர். 1999இல் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக்கியது. 2010இல் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் ஏற்றது. ஆயினும் டி.டி.பி. கடைகளில் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்ற நிலை நீடித்தது. பாமினியில் அடித்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

'மாற்றி மென்பொருள்கள் உண்டே' என்பார்கள். உண்டு, பொங்குதமிழ் போன்றவற்றுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் பழைய குறியீடுகளில் 'கை' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், குறி முன்னும் ககரம் பின்னுமாகப் பதிவாகும். யூனிகோடில் ககரமே முன். 'கொ' என்பதையோ யூனிகோடிலேயே இரு வகையாகச் சேமிக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கருதாத தேடுநிரல் ஒன்றைக் கண்டு மற்றதை விட்டுவிடும். ஆகவே மாற்றியபின் மனிதக் கண் பார்த்தே தீரவேண்டும். யார் பார்க்கிறார்கள்?

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. பிழைதிருத்தம் யாவும் டி.டி.பி. கடையின் கோப்பில்தான் நிகழ்கின்றன. அவை எழுத்தாளரின் கோப்புக்குத் திரும்புவதேயில்லை. ஆக ஒரே நூலுக்கு இரு பாடங்கள். உ.வே.சா. ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடவேறுபாடு கண்டதைக் கொண்டாடும் நாமே, உயிரோடிருக்கும் எழுத்தாளருக்குப் பாடவேறுபாடு உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம். நாம் அறிந்த ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களைத் தொகுக்க முற்பட்டபோது கோப்புகள் இருந்தன, எழுத்துரு இல்லை. அச்சுப் பிரதியைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்தோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இன்றைய இன்டிசைன் அக்கோப்புகளைத் திறப்பதில்லை.

நம் ஊர்த் தோல் தொழிலைப் பாருங்கள். ஒரு தொழிற்சாலை குரோமில் பதனிட்ட 'வெட் புளூ' தோலை இன்னொன்று வாங்கிச் சாயமேற்றுகிறது. மற்றொன்று வெட்டிக் காலணியாக்குகிறது. சரக்கு எந்த நிலையில் கைமாறவேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இந்த ஒழுங்கு நூல் கற்றவர்க்கு எட்டாததேன்?

எட்டாததன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் அவை இன்றும் தேடக் கிடைக்கின்றன.

எழுத்தாளர்கள் யூனிகோடில் மட்டுமே படைப்பைத் தரட்டும். பதிப்பாளர்கள், கூலியின் பாக்கியைத் தருமுன், திருத்தி முடித்த பாடத்தை யூனிகோடில் திரும்பக் கேட்கட்டும். பி.டி.எஃப். போதுமென்று ஏமாற வேண்டாம். பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், புரியும். டி.டி.பி. கடைக்காரர் மீது பழிபோட்டுப் பயனில்லை. கேட்டால் தருவார், கேட்காதவர்கள் நாம்தான்.