கொலுப்படியில் ஓர் ஆபத்து

நவராத்திரி வந்துவிட்டால் புனேயில் நம் வீட்டுப் பெண்மணிகள் துளசிபாக் கடைவீதிக்குப் படையெடுப்பது வழக்கம். சென்ற ஆண்டு பை தூக்க நானும் போனேன். கொலுப்படிக்கு ஒரு டஜன் மின் அகல்விளக்குகளும், மாற்றிப் போட ஓர் அட்டை பொத்தான் பேட்டரியும் வாங்கினோம். வீட்டில் பையைக் கவிழ்த்தால், அட்டையின் பின்தாள் கிழிந்து இரண்டு பேட்டரிகள் தரையில் உருண்டன. தவழ்ந்து வந்த பேத்தி ஒன்றை எடுத்துவிட்டாள். வாய்க்குப் போகுமுன் என் மனைவி பிடுங்கினாள், பிழைத்தோம்.

பழைய நாலணாக் காசு அளவுள்ள இந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் வழியே மின்சாரம் பாய்ந்து அங்கே கடும் காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்திலேயே குழாய் வெந்துவிடக்கூடும். விளக்கை எரிக்க வலுவில்லாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும்.

அமெரிக்காவில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை ரிமோட்டின் பேட்டரியை விழுங்கி 2020-இல் இறந்தாள். அவள் பெயரால் 2022-இல் சட்டமே வந்தது. அங்கே பேட்டரி அட்டைக்குப் பரீட்சை உண்டு. நான்கு வயதையொட்டிய குழந்தைகளில் 100-க்கு 85 பேராவது ஐந்து நிமிடத்தில் அதைத் திறக்க முடியாமல் தோற்க வேண்டும். பெரியவர்களில் 90 பேராவது திறந்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 2022 முதல் இத்தகைய கட்டாய விதிகள் உள்ளன.

இது பெரிய வித்தையல்ல. ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி அறை, கையால் கிழியாத முதுகு, கத்தரிக்கோல் இன்றித் திறக்காத விளிம்பு, ஒன்றை எடுத்தால் மற்றது உதிராத அமைப்பு. இவ்வளவுதான். நம் நாட்டில் 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கொலு விளக்கு பொம்மையல்லவே! 'விலை கூடும்' என்பார்கள். கூடட்டும், குழந்தையை விடவா?

அதுவரை நாம் செய்யக்கூடியது: உதிரி பேட்டரி வாங்காதீர்கள். கத்தரிக்கோல் தேவைப்படும் அட்டையையே கேளுங்கள். திருகாணி போட்டு மூடாத விளக்கு வேண்டாம். தீர்ந்த பேட்டரியை இருபுறமும் டேப் ஒட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஊரில் என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி, அத்தை, சித்தி என்று பத்துக் கண்கள் இருக்கும். இங்கே இருப்பது இரண்டு கண்கள். அவையும் அடுப்பில் சுண்டல்மேல். அட்டையாவது கெட்டியாக இருக்க வேண்டாமா?