விற்ற ஓட்டும் கெட்ட தோலும்



"எம்.பி., எம்.எல்.ஏ. எல்லாரும் கொள்ளையடிக்கிறாங்கப்பா!" ஆம்பூர் டீக்கடைகளில் தினமும் கேட்கும் பேச்சு இது. லஞ்சம் வாங்கிச் சபையில் ஓட்டுப் போட்ட உறுப்பினர்மீது வழக்கு நடத்த முடியாது என்று 1998-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2024 மார்ச்சில் அதே கோர்ட், லஞ்சத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று மாற்றிச் சொல்லிவிட்டது. சந்தோஷம்!

ஆனால் நம்ம கதை? 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது. வருமான வரித்துறை பிடித்த பணம் 11 கோடிக்கும் மேல். பணத்துக்காக ரத்தான முதல் மக்களவைத் தேர்தல் நம்முடையதுதான். ஆகஸ்ட் 5-ல்தான் ஓட்டுப்பதிவு நடந்தது.

அந்தப் பணம் யாருக்காக? நமக்காகத்தானே! ஓர் ஓட்டுக்கு 500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 27 பைசா! அதை வாங்கியவன், பாலாற்றில் கழிவு கலக்குதே என்று எம்.பி.யிடம் எந்த வாயால் கேட்பான்?

உப்புப் போடாத பச்சைத்தோல் தொழிற்சாலைக்கு வருமுன்பே அழுகிவிடும். அப்புறம் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் ஷூ ஆகாது. ஓட்டும் அப்படித்தான். பதினெட்டு வயது வந்தாச்சு, தோழர்களே! முதல் ஓட்டை விற்கமாட்டோம் என்று வீட்டிலேயே சொல்லிவிடுவோமா?