வரி வசூல் மட்டும் போதுமா?

பெங்களூரில் தமிழர் கணிசமாக வாழும் ஜீவனஹள்ளி போன்ற பகுதிகளில் வாடகைக்குக் குடியேறுவோரிடம், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். வீட்டைக் காலி செய்யும்போது, வெள்ளையடிக்க, பழுதுபார்க்க என்று அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டால் மாநகராட்சியிடம் முறையிட்டுப் பயனில்லை. இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

ஆனால், வாடகைக்கு விடப்பட்ட வீடு எது என்பதை அறிந்து, உரிமையாளரே குடியிருக்கும் வீட்டைவிடக் கூடுதலாகச் சொத்து வரி வசூலிக்க மட்டும் அதிகாரம் இருக்கிறது. அச்சுமையும் இறுதியில் வாடகைதாரர் தலையில்தான் விழுகிறது.

கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டும் வீடுகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. எஞ்சியிருப்பது உரிமையியல் நீதிமன்றம். முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட எத்தனை பேரால் இயலும்?

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்துக்கு இரண்டு மாத வாடகையை உச்சவரம்பாக்குகிறது. எனினும், மாநிலங்கள் ஏற்றால்தான் அதற்கு உயிர். தமிழகம் தனது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாடகை அதிகாரிகளை நியமித்துள்ளது.

கர்நாடக அரசும் 3,500 ரூபாய் வரம்பை நீக்கி, முறையீடுகளை விரைந்து விசாரிக்கும் அதிகாரிகளை நியமிக்க வேண்டும். வாடகை வீட்டிலிருந்து வரி பெறும் அரசமைப்புக்கு, அதில் குடியிருப்பவரைக் காக்கும் கடமையும் உண்டு.